மக்கள் ஓட்டுப் போடாத செனட் தேர்தல்: 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கா பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1858இல் இல்லினாய் மாநிலத்தில் ஆபிரகாம் லிங்கனும் ஸ்டீபன் டக்ளசும், அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டில் ஓர் இடத்துக்காக, ஏழு ஊர்களில் மேடையேறி வாதிட்டார்கள். கூட்டம் அலைமோதியது. பேச்சுகளைப் பத்திரிகைகள் வரி விடாமல் அச்சிட்டன. ஆனால் அந்த இருவரில் எவருக்கும் ஒரு வாக்காளர்கூட நேரடியாக ஓட்டுப் போடவில்லை, போடவும் முடியாது. அமெரிக்க வரலாற்றைப் படிக்கிறவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் இதுதான். கேள்விகளும் பெரும்பாலும் இங்கிருந்தே கிளம்புகின்றன.

செனட்டரை மக்கள் தேர்ந்தெடுக்கவே இல்லையா?

இல்லை. அமெரிக்க அரசியல் சாசனத்தின் முதல் பிரிவு தெளிவாகச் சொன்னது: ஒவ்வொரு மாநிலத்துக்கும் இரண்டு செனட்டர்கள், அவர்களைத் தேர்ந்தெடுப்பது அந்த மாநிலத்தின் சட்டமன்றம், பதவிக்காலம் ஆறு ஆண்டுகள். செனட் முழுவதும் ஒரே நேரத்தில் கலையாது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் விலகுவார்கள். மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தது கீழவையான பிரதிநிதிகள் சபையை மட்டும்தான். 1789இல் செனட் கூடியபோது சாசனத்தை ஏற்றிருந்தவை 11 மாநிலங்கள், அதாவது 22 இடங்கள். 1900இல் 45 மாநிலங்கள், 90 செனட்டர்கள். அந்த நூற்றாண்டு முழுக்க இதே முறைதான்.

ஏன் இப்படி ஓர் ஏற்பாடு செய்தார்கள்? மக்கள் மேல் நம்பிக்கை இல்லையா?

அதுவும் ஒரு காரணம், மறைக்க வேண்டியதில்லை. 1787இல் பிலடெல்பியாவில் சாசனம் எழுதக் கூடியவர்களில் பென்சில்வேனியாவின் ஜேம்ஸ் வில்சன் செனட்டையும் மக்களே தேர்ந்தெடுக்கட்டும் என்று வாதாடினார். அவருக்குத் துணை நின்றவர்கள் மிகக் குறைவு. மாநிலச் சட்டமன்றமே தேர்ந்தெடுக்கட்டும் என்று ஜூன் 7 அன்று முன்மொழிந்தவர் டெலவேரின் ஜான் டிக்கின்சன். இந்தப் பெயரையும் மாநிலத்தையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இன்னொரு காரணமும் உண்டு. மாநிலங்கள் தங்கள் அதிகாரத்தைப் புதிய மத்திய அரசிடம் இழந்துகொண்டிருந்தன. அந்த அரசுக்குள் தங்களுக்கு ஒரு பிடி வேண்டும் என்று நினைத்தன. செனட்டர் என்பவர் மக்களின் பிரதிநிதி என்பதைவிட, மாநிலம் தலைநகருக்கு அனுப்பும் தூதர் என்ற எண்ணமே அன்று ஓங்கியிருந்தது.

சட்டமன்றத்தில் ஓட்டெடுப்பு எப்படி நடந்தது?

இங்கேதான் சாசனம் கோட்டை விட்டது. "சட்டமன்றம் தேர்ந்தெடுக்கும்" என்று சொன்னதே தவிர, எப்படி என்று சொல்லவில்லை. மாநிலச் சட்டமன்றங்களுக்குப் பெரும்பாலும் இரண்டு அவைகள் உண்டு. தமிழ்நாட்டில் 1986 வரை மேலவை இருந்ததைப் போல. இரண்டு அவைகளும் தனித்தனியே ஓட்டெடுத்து ஒரே பெயருக்கு வர வேண்டுமா, இல்லை ஒன்றாக உட்கார்ந்து தலைகளை எண்ண வேண்டுமா? பெரிய அவைக்கு இரண்டாவது வழி லாபம். சிறிய அவைக்கு முதல் வழி லாபம்.

தகராறு முதல் ஆண்டிலேயே வந்துவிட்டது. 1789 ஏப்ரலில் செனட் தன் வேலையைத் தொடங்கியபோது நியூயார்க்கின் இரண்டு இருக்கைகளும் காலியாகக் கிடந்தன. அந்த மாநிலத்தின் இரண்டு அவைகளும் முறையைப் பற்றியே சண்டையிட்டுக்கொண்டிருந்தன. ஜூலையில்தான் பிலிப் ஸ்கைலரும் ரூஃபஸ் கிங்கும் தேர்வானார்கள். ஜார்ஜ் வாஷிங்டன் அதிபராகப் பதவியேற்றது நியூயார்க் நகரத்தில். அந்த நாளில் அந்த மாநிலத்துக்கே செனட்டர் கிடையாது!

பிறகு ஒவ்வொரு மாநிலமும் தன் விருப்பப்படி ஒரு வழக்கத்தை வைத்துக்கொண்டது. தேதியும் ஒன்றல்ல, விதியும் ஒன்றல்ல. சிறுபான்மைக் கட்சி ஓர் அவையைக் கையில் வைத்திருந்தால் கூட்டு அமர்வுக்கே வராமல் இருந்துவிடலாம். இண்டியானாவில் 1855இல் நடந்தது அதுதான். ஓர் இருக்கை இரண்டு ஆண்டுகள் காலியாகவே கிடந்தது.

லிங்கன் செனட் தேர்தலில் இரண்டு முறை தோற்றார் என்கிறார்களே, எப்படி?

இரண்டு தோல்விகளும் இரண்டு வகை. இரண்டையும் பார்த்தால் இந்த முறையின் உள்விவகாரம் முழுக்கப் புரிந்துவிடும்.

முதல் தோல்வி 1855இல். முந்தைய நவம்பரில் லிங்கன் இல்லினாய் சட்டமன்றத்துக்கே தேர்வாகியிருந்தார். சட்டமன்ற உறுப்பினராக இருந்துகொண்டு செனட்டர் பதவிக்கு நிற்க முடியாது என்பதால் அந்த இடத்தை ஏற்காமல் விட்டார். அங்கே நடந்த இடைத்தேர்தலில் எதிர்க்கட்சிக்காரர் ஜெயித்துவிட்டார். தொடக்கமே சரியில்லை என்று ஊரில் பேசியிருப்பார்கள். பிப்ரவரி 8 அன்று சட்டமன்றம் கூடியது. அப்போதைய செனட்டர் ஜேம்ஸ் ஷீல்ட்ஸ். 1842இல் லிங்கனை வாட்போருக்கு அழைத்தவர் இவர்தான். இருவரும் நண்பர்களோடு மிசிசிப்பி ஆற்றின் ஒரு தீவு வரை போய், கடைசியில் சமாதானமாகித் திரும்பினார்கள்.

முதல் சுற்றில், லிங்கன் ஒரு கடிதத்தில் எழுதிய கணக்கின்படி, அவருக்கு 44, ஷீல்ட்சுக்கு 41, லைமன் டிரம்புல் என்பவருக்கு வெறும் 5. தேவையான பெரும்பான்மை யாருக்கும் இல்லை. அந்த ஐந்து பேர் ஜனநாயகக் கட்சியிலிருந்து அடிமை முறைப் பிரச்சினையில் முறித்துக்கொண்டு வந்தவர்கள். பழைய எதிரிக் கட்சிக்காரரான லிங்கனுக்கு ஓட்டுப் போட அவர்களுக்கு மனம் வரவில்லை. சுற்றுக்கு மேல் சுற்று போனது. நடுவில் ஆளுநர் மாட்டசன் புதிய வேட்பாளராக முளைத்து, வெற்றிக்குச் சில ஓட்டுத் தூரத்தில் வந்து நின்றார். பத்தாவது சுற்றில் லிங்கன் தம் ஆட்களை டிரம்புலுக்கு ஓட்டுப் போடச் சொன்னார். டிரம்புல் 51 பெற்று ஜெயித்தார். 44 வைத்திருந்தவர் வீட்டுக்குப் போனார். 5 வைத்திருந்தவர் வாஷிங்டனுக்குப் போனார்.

1858 கதை வேறு. ஜூன் மாதம் ஸ்பிரிங்ஃபீல்டில் கூடிய குடியரசுக் கட்சி மாநாடு, செனட் பதவிக்கு லிங்கன்தான் எங்கள் ஆள் என்று முன்கூட்டியே தீர்மானம் போட்டது. அன்றைக்கு இது வழக்கத்தில் இல்லாத காரியம். வேட்பாளர் யார் என்பது சட்டமன்றத் தேர்தல் முடிந்த பிறகு கட்சி உறுப்பினர்கள் அறைக்குள் பேசி முடிப்பதுதான் பழக்கம். பெயரை முன்பே சொல்லிவிட்டதால் சட்டமன்றத் தேர்தலே லிங்கனா டக்ளசா என்று ஆகிவிட்டது. ஆகஸ்ட் 21 அன்று ஒட்டாவாவில் தொடங்கி அக்டோபர் 15 அன்று ஆல்டனில் முடிந்த ஏழு விவாதங்களும் சட்டமன்ற வேட்பாளர்களுக்காகச் செய்த பிரசாரம்தான்.

நவம்பர் 2 அன்று தேர்தல். அதே நாளில் மாநிலம் முழுவதும் நடந்த பொருளாளர் தேர்தலில் குடியரசுக் கட்சி ஜெயித்தது. மொத்த ஓட்டில் அந்தக் கட்சியே முன்னால் நின்றது. ஆனால் தொகுதிகள் பழைய மக்கள்தொகைக் கணக்கின்படி பிரிக்கப்பட்டவை. வேகமாக வளர்ந்த வடக்குப் பகுதிக்கு அதற்கேற்ற இடங்கள் தரப்படவில்லை. மாநில மேலவையில் பாதிப்பேர் அந்த ஆண்டு தேர்தலையே சந்திக்கவில்லை. அப்படி இருந்தவர்களில் ஜனநாயகக் கட்சிக்காரர்கள்தான் அதிகம். 1859 ஜனவரி 5 அன்று சட்டமன்றம் ஓட்டெடுத்தது. டக்ளஸ் 54, லிங்கன் 46.

1866இல் ஒரு சட்டம் வந்து எல்லாவற்றையும் சரிசெய்ததாமே?

சரிசெய்யத்தான் வந்தது. என் கணிப்பில், நிலைமை மோசமானதே அதற்குப் பிறகுதான். கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

1865இல் நியூஜெர்சியில் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. உடனே கூட்டு அமர்வு தன் விதியை மாற்றியது: அதிக ஓட்டு வாங்கியவர் போதும், பாதிக்கு மேல் தேவையில்லை. அந்தக் கணக்கில் ஜான் ஸ்டாக்டன் 40 ஓட்டுடன் தேர்வானார். மற்றவர்களுக்கு விழுந்தவை மொத்தம் 41. செனட்டில் இது செல்லுமா என்ற கேள்வி 1866 மார்ச்சில் வந்தது. முதல் ஓட்டெடுப்பில் 22க்கு 21 என்று ஸ்டாக்டன் பிழைத்தார். அந்த 22இல் ஒன்று அவரே தமக்குப் போட்டுக்கொண்டது! கூச்சல் எழுந்தது. தம் ஓட்டைத் திரும்பப் பெற்றார். சில நாட்களில் பதவியையும் இழந்தார். அதிபர் ஜான்சனின் மறுப்பாணைகளை முறியடிக்கக் குடியரசுக் கட்சிக்கு ஒவ்வோர் ஓட்டும் தேவைப்பட்ட நேரம் அது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இந்தக் குழப்பம் இனி வரக்கூடாது என்று அந்த ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டம் இயற்றியது. சட்டமன்றம் கூடி அமைப்பு வேலைகள் முடிந்ததும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, இரு அவைகளும் தனித்தனியே ஓட்டெடுக்க வேண்டும். ரகசியம் கிடையாது, ஒவ்வோர் உறுப்பினரும் வாயால் பெயர் சொல்ல வேண்டும். மறுநாள் நண்பகலில் கூட்டு அமர்வு. இரு அவைகளிலும் ஒருவரே பெரும்பான்மை பெற்றிருந்தால் முடிந்தது. இல்லையென்றால் எல்லோரும் சேர்ந்து ஓட்டெடுக்க வேண்டும். அதிலும் பாதிக்கு மேல் யாருக்கும் கிடைக்கவில்லையா? ஒருவர் தேர்வாகும் வரை தினமும் நண்பகலில் கூடி ஒரு தடவையாவது ஓட்டெடுக்க வேண்டும்.

பார்வைக்கு ஒழுங்கான சட்டம். ஆனால் கடைசி ஆளை நீக்கிவிட்டு எண்ணும் வழி அதில் இல்லை. இத்தனை நாள் ஆனால் அதிக ஓட்டு வாங்கியவர் போதும் என்ற கெடுவும் இல்லை. பத்துப் பேர் பிடிவாதமாக இருந்தால் போதும், ஒரு மாநிலத்தையே நிறுத்தி வைக்கலாம். யார் எந்தப் பக்கம் என்பது ஊரறிய வெளிப்பட்டதால் பேரம் பேசுகிறவருக்கும் வசதி: கொடுத்த காசுக்கு ஓட்டு விழுந்ததா என்று காதால் கேட்டே தெரிந்துகொள்ளலாம்.

அப்படி நிஜமாகவே மாநிலங்கள் நின்றுபோயினவா?

1891 முதல் 1905 வரை மட்டும் 20 மாநிலங்களில் நாற்பதுக்கும் மேற்பட்ட முடக்கங்கள். இரண்டைச் சொல்கிறேன்.

ஓரிகன், 1897. ஜான் மிட்செல் மீண்டும் செனட்டர் ஆவதைத் தடுக்க வேண்டும் என்று ஓர் அணி முடிவு செய்தது. அவரைத் தோற்கடிக்க ஓட்டு போதாது. ஆனால் கூட்டம் நடக்கவிடாமல் செய்ய ஆள் போதும். கீழவை தன் அமைப்பு வேலையையே முடிக்கவில்லை. நாற்பது நாள் கூட்டத்தொடர் அப்படியே கழிந்தது. ஒரு சட்டம் நிறைவேறவில்லை; நிதி ஒதுக்கீடுகூட இல்லை. செனட்டரும் தேர்வாகவில்லை.

டெலவேர் கதை இன்னும் நீளம். எரிவாயுத் தொழிலில் பணம் சேர்த்த எட்வர்ட் ஆடிக்ஸ் என்பவருக்கு செனட்டர் ஆக வேண்டும் என்று ஆசை. குடியரசுக் கட்சியில் பாதி அவர் பக்கம்; மீதிப் பாதி அவர் வரவே கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டது. 1895இல் ஓட்டெடுப்பு மேல் ஓட்டெடுப்பாக நடத்தி முடிவில்லாமல் கலைந்தார்கள். 1899இலும் முடியவில்லை. 1901இல் இரண்டாவது இருக்கையும் காலியானது. 1901 மார்ச்சிலிருந்து 1903 மார்ச் வரை அமெரிக்க செனட்டில் டெலவேருக்கு ஒரு செனட்டர்கூட இல்லை. கடைசியில் அணிக்கு ஒருவர் என்று பங்கு போட்டு முடித்தார்கள். ஆடிக்சுக்குக் கடைசிவரை பதவி கிடைக்கவில்லை. 1787இல் இந்த முறையை முன்மொழிந்த டிக்கின்சனின் மாநிலம் இதுதான்.

லஞ்சம் உண்மையிலேயே அவ்வளவு பெரிய பிரச்சினையா, இல்லை பத்திரிகைகள் ஊதியதா?

இரண்டும்தான். செனட்டுக்கு முறையாக வந்த லஞ்சப் புகார்கள் 1866க்கும் 1906க்கும் இடையில் ஒன்பது. நாற்பது ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான தேர்வுகள் நடந்திருக்கின்றன என்பதை வைத்துப் பார்த்தால் எண்ணிக்கை சிறியது. ஆனால் வந்த வழக்குகளின் தரம் அபாரம்.

கன்சாஸ், 1873 ஜனவரி. செனட்டர் சாமுவேல் போமராய் மறுதேர்வுக்கு நிற்கிறார். கூட்டு அமர்வில் அலெக்சாண்டர் யார்க் என்ற மாநில உறுப்பினர் எழுந்து 7,000 டாலரை மேசையில் வைத்தார். என் ஓட்டுக்காகப் போமராய் எனக்குக் கொடுத்த பணம் இது என்றார். சபை அதிர்ந்தது. போமராய் தோற்றார், ஜான் இங்கால்ஸ் தேர்வானார். அது ஒரு வங்கி தொடங்குவதற்காகக் கொடுத்தனுப்பிய பணம் என்பது போமராயின் விளக்கம். நம்புகிறவர்கள் நம்பலாம்.

மான்டானா இதையும் மிஞ்சியது. அந்த மாநிலம் பிறந்ததே சண்டையோடுதான். 1889இல் மாநிலமானது, சட்டமன்றத்தை யார் பிடித்தது என்பதில் தகராறு, இரு கட்சிகளும் தனித்தனியே கூடி ஆளுக்கு இரண்டு செனட்டர்களைத் தேர்ந்தெடுத்தன. இரண்டு நாற்காலிக்கு நான்கு பேர் வாஷிங்டனில் போய் இறங்கினார்கள். செனட்டில் அப்போது குடியரசுக் கட்சிக்குப் பெரும்பான்மை. அந்தக் கட்சியின் இருவர் உட்கார்ந்தார்கள். திருப்பி அனுப்பப்பட்டவர்களில் ஒருவர் வில்லியம் கிளார்க், செப்புச் சுரங்க அதிபர்.

கிளார்க் விடுகிறவர் அல்ல. 1899 ஜனவரியில் மறுபடி களமிறங்கினார். அவருக்குப் பரம எதிரி இன்னொரு செப்பு அதிபரான மார்கஸ் டேலி. அந்த மாதமே ஃபிரெட் வைட்சைட் என்ற உறுப்பினர் ஆயிரம் டாலர் நோட்டுகள் முப்பதை அவையில் காட்டி, கிளார்க்கின் ஆட்கள் கொடுத்த லஞ்சம் என்றார். அப்படியும் அந்த மாத இறுதியில் கிளார்க் தேர்வாகிவிட்டார்! செனட் குழு விசாரித்தது. உறுப்பினர்களின் அடமானக் கடன் அடைந்தது, பண்ணைகள் விலை போனது, உறைகளில் பணம் போனது எல்லாம் வெளிவந்தன. பதவிக்கு அவருக்கு உரிமையில்லை என்று குழு அறிக்கை தந்தது.

1900 மே மாதம் கிளார்க் தாமே விலகினார். கதை அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் சரியாக அந்த நேரத்தில் மான்டானா ஆளுநர் மாநிலத்துக்கு வெளியே இருந்தார். ஒரு வேலையாக அவரைக் கலிபோர்னியாவுக்கு வரவழைத்திருந்தார்கள். பொறுப்பில் இருந்த துணை ஆளுநர் கிளார்க்கின் நண்பர். காலியான இடத்துக்கு அவர் நியமித்தது யாரை? கிளார்க்கையே. ஆளுநர் ஓடோடித் திரும்பி வந்து அந்த நியமனத்தை ரத்து செய்தார். ஆனால் 1901இல் புதிய சட்டமன்றம் கிளார்க்கையே முறைப்படி தேர்ந்தெடுத்தது. ஆறு ஆண்டுகளும் முழுசாக இருந்துவிட்டுத்தான் இறங்கினார்.

சட்டமன்றம் முடிவெடுக்காவிட்டால் ஆளுநர் நியமித்துவிடலாமே?

சட்டமன்றம் கூடாத காலத்தில் இடம் காலியானால் ஆளுநர் தற்காலிகமாக நியமிக்கலாம் என்று சாசனம் சொன்னது. கூடியும் தேர்ந்தெடுக்காமல் கலைந்தால்? 1893இல் இப்படி வந்த நியமனங்களை செனட் ஏற்கவில்லை. பென்சில்வேனியாவின் கட்சித் தலைவர் மேத்யூ குவே விஷயத்தில் 1900 ஏப்ரலில் 33க்கு 32 என்று ஒரே ஓட்டில் கதவைச் சாத்தியது. அடுத்த ஆண்டு சட்டமன்றம் குவேயைத் தேர்ந்தெடுத்துவிட்டது என்பது வேறு கதை.

தேர்ந்தெடுத்த சட்டமன்றம் செனட்டருக்கு உத்தரவு போட முடியுமா?

போட்டார்கள். சட்டப்படி கட்டாயமில்லை, திரும்ப அழைக்கும் அதிகாரமும் இல்லை. ஆனால் நூற்றாண்டின் முற்பகுதியில், குறிப்பாகத் தென்மாநிலங்களில், உத்தரவை மீறுவது மானப் பிரச்சினை. அதிபர் ஜாக்சன் மீது செனட் நிறைவேற்றிய கண்டனத்தைக் குறிப்பேட்டிலிருந்து நீக்க ஓட்டளிக்கும்படி 1836இல் வர்ஜீனியா தன் செனட்டர்களுக்கு ஆணையிட்டது. ஜான் டைலர் அதற்கு இணங்க மனமில்லாமல் பதவியைத் துறந்தார். சக செனட்டர் லீ இணங்கவும் இல்லை, உடனே விலகவும் இல்லை. டைலர் பின்னாளில் அதிபரானார்.

கறுப்பின மக்களும் பெண்களும் இதில் எங்கே இருந்தார்கள்?

உள்நாட்டுப் போருக்குப் பின் மிசிசிப்பி சட்டமன்றத்தில் கறுப்பின உறுப்பினர்கள் இருந்தார்கள். அந்தச் சட்டமன்றம் 1870 ஜனவரியில் ஹைரம் ரெவெல்சை 81க்கு 15 என்று தேர்ந்தெடுத்தது. செனட்டின் முதல் கறுப்பின உறுப்பினர் அவர். செனட்டருக்குச் சாசனம் கேட்கும் ஒன்பது ஆண்டுகள் அவர் குடிமகனாக இருந்தாரா என்று சிலர் வாதத்தைக் கிளப்பினார்கள். 48க்கு 8 என்று அது விழுந்தது. அதே மாநிலத்திலிருந்து பிளான்ச் புரூஸ் 1875 முதல் 1881 வரை முழுக்காலமும் இருந்தார். பிறகு தெற்கில் கறுப்பினத்தவரின் ஓட்டுரிமையே பறிக்கப்பட்டது. அடுத்த கறுப்பின செனட்டர் தேர்வானது 1966இல்.

பெண்கள் விஷயத்தில் ஒரு சின்ன வியப்பு. கொலராடோவில் 1894இல் மூன்று பெண்கள் கீழவைக்குத் தேர்வானார்கள். பெரும்பாலான மாநிலங்களில் பெண்களுக்குச் சட்டமன்றத் தேர்தலில் ஓட்டே இல்லாத காலத்தில், அடுத்த ஆண்டு செனட்டரைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

ஒரே ஆள் மூன்று மாநிலங்களுக்குச் செனட்டராக இருந்தாராமே?

ஆம், அதே ஜேம்ஸ் ஷீல்ட்ஸ்தான். இல்லினாய், மின்னசோட்டா, மிசூரி. வாட்போரில் தப்பியவருக்கு ஆயுசு கெட்டி.

நம் மாநிலங்களவைத் தேர்தலும் இதே முறைதானே?

வெளித்தோற்றம் அப்படித்தான். ஆறு ஆண்டுகள், இரண்டு ஆண்டுக்கொருமுறை மூன்றில் ஒரு பங்கு ஓய்வு, ஓட்டுப் போடுவது சட்டமன்ற உறுப்பினர்கள். குதிரை பேரம் என்ற சொல்லும் நமக்குப் புதிதல்ல. ஆனால் இங்கே மாநிலத்துக்கு ஒரே அளவு இடம் இல்லை; தமிழ்நாட்டுக்கு 18 என்றால் சிறிய மாநிலங்களுக்கு ஒன்றே ஒன்று. அதைவிட முக்கியமானது எண்ணும் முறை. உறுப்பினர் முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் என்று வரிசையாகக் குறிக்கிறார். ஒருவருக்கு மிஞ்சிய ஓட்டும், நீக்கப்பட்டவரின் ஓட்டும் அடுத்த பெயருக்கு மாறுகின்றன. ஆகவே ஒரே நாளில் முடிவு வந்தே தீரும். மறைமுகத் தேர்தல் என்பதாலேயே டெலவேர் முடங்கவில்லை. 1866 சட்டம் எண்ணிய விதத்தால் முடங்கியது. அமெரிக்கப் பாடநூல்கள் லஞ்சத்துக்குக் கொடுக்கும் இடத்தில் கொஞ்சத்தை இதற்கும் கொடுக்கலாம்.

எப்போது மாறியது?

நேரடித் தேர்தல் வேண்டும் என்ற திருத்தம் 1826இலேயே முன்மொழியப்பட்டது, யாரும் கண்டுகொள்ளவில்லை. 1892இல் மக்கள் கட்சி ஒமாஹாவில் அதைக் கோரிக்கையாக்கியது. 1893 முதல் 1902 வரை பிரதிநிதிகள் சபை ஐந்து முறை நிறைவேற்றி அனுப்பியது. செனட் அலமாரியில் வைத்துப் பூட்டியது. சட்டமன்றத்தால் தேர்வானவர்களிடம் போய் சட்டமன்றத் தேர்வை ஒழிக்கச் சொன்னால் வேறென்ன நடக்கும்? மாநிலங்கள் காத்திருக்கவில்லை. நெப்ராஸ்கா 1875லேயே மக்களின் விருப்பத்தைக் கேட்டறியும் ஓட்டெடுப்புக்கு இடம் கொடுத்தது. பின்னர் பல மாநிலங்களில் கட்சிகள் உட்கட்சித் தேர்தல் நடத்தி, வென்றவரைச் சட்டமன்றம் ஒப்புக்குத் தேர்ந்தெடுத்தது. 1910 வாக்கில் 31 மாநிலச் சட்டமன்றங்கள் மாற்றம் கேட்டுத் தீர்மானம் போட்டிருந்தன. 1913 ஏப்ரல் 8 அன்று 17ஆவது திருத்தம் உறுதியானது.

1858இல் மக்களே நேரடியாக ஓட்டுப் போட்டிருந்தால் லிங்கன் ஜெயித்திருப்பாரா?

ஒருவேளை. மொத்த ஓட்டுக் கணக்கு அவர் பக்கம் சாய்ந்தது. ஆனால் ஒரு சட்டமன்ற வேட்பாளருக்கு விழுந்த ஓட்டெல்லாம் லிங்கனுக்கு விழுந்ததாக எடுத்துக்கொள்ள முடியாது. உள்ளூர்ச் செல்வாக்கு, சாதிசனம் போன்ற சொந்தபந்தம் எல்லாம் அங்கேயும் உண்டு. டக்ளசுக்கு எதிராக அவர் கட்சியிலேயே அதிபர் புக்கானன் ஆட்கள் ஓட்டைப் பிரித்தார்கள். நேரடிப் போட்டி என்றால் அது எப்படித் திரும்பியிருக்கும் என்று யாரும் அடித்துச் சொல்ல மாட்டார்கள்.

நிஜத்தில் நடந்தது இது. அந்த இருக்கையை வென்ற டக்ளஸ், லிங்கன் அதிபராகி மூன்று மாதத்தில், 1861 ஜூன் 3 அன்று இறந்துபோனார். சட்டமன்றம் கூடாத நேரம். இல்லினாய் ஆளுநர் ஒரு கையெழுத்தில் அந்த இடத்தை லிங்கனின் பழைய நண்பர் ஆர்வில் பிரவுனிங்கிடம் கொடுத்தார். 1863 ஜனவரியில் சட்டமன்றம் கூடியது, பெரும்பான்மை மாறியிருந்தது, டக்ளஸ் கட்சிக்காரர் ஒருவரைத் தேர்ந்தெடுத்து பிரவுனிங்கை வீட்டுக்கு அனுப்பியது.